பாயிண்ட் டிக்கெட்டும் பொய் நெஞ்சுவலியும்

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் என்னோடு வேலை செய்தவர்கள் பெட்ரோல் போடும்போதெல்லாம் பங்க்கில் என் பாயிண்ட் அட்டையை நீட்டி, இரண்டு வருடம் பாயிண்ட் சேர்த்தேன். அதற்கு நான்கு தீம் பார்க் டிக்கெட் கிடைத்தது. ஞாயிறன்று குடும்பத்தோடு போய் நின்றால், "டிக்கெட் பின்னாடி படிக்கலையா சார்? ஞாயித்துக்கிழமை செல்லாது" என்றார் கவுண்டரில் இருந்தவர்.

புது டிக்கெட்டுக்குப் பணமில்லை. தீம் பார்க் போவதாகப் பள்ளி முழுக்கச் சொல்லிவைத்திருந்த மகளிடம் என் தப்பைச் சொல்ல வாய் வரவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நடிப்பு பிரமாதம்.

அவள் என் சட்டையைப் பிடித்து அழுதாள். "எனக்கு ராட்டினம் வேணாம்பா. ஊட்டுக்குப் போலாம். செத்துடாதப்பா."

அப்போதுதான் நெஞ்சு நிஜமாகவே வலித்தது. உண்மையைச் சொன்னேன்.

"கொழந்த நடுங்கிக்கினு கீது. வெக்கமா இல்ல?" என்றாள் மனைவி.

இப்போதெல்லாம் டிக்கெட்டின் பின்பக்கத்தை முதலில் படிக்கிறேன். தப்பு செய்தால் நெஞ்சில் கை வைப்பதில்லை, மகளிடம் சொல்லிவிடுகிறேன்.