ஜூடித் மிஸ் கொடுத்த ஆட்சேபம்

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் ஜூடித் மிஸ் பதினாறு வருடமாகத் தன் வீட்டிலேயே நர்சரி நடத்துகிறார். பதினெட்டுக் குழந்தைகள், ஒரு ஆயா, காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டரை. கணவர் போன பிறகு அந்த வீட்டில் அடுப்பெரிவது இதில்தான். சட்டம் என்பது டிவியில் வெள்ளைச் சட்டைக்காரர்கள் கத்திக்கொள்கிற விஷயம், தன் வாசல்வரை வராது என்று நம்பியிருந்தார்.

போன ஜூனில் வந்தது. ஒரு குழந்தையின் அம்மா சௌம்யா, அரசிதழின் பக்கம் ஒன்றை வாட்ஸாப்பில் அனுப்பினாள். எல்லா நர்சரிக்கும் ஆயிரம் சதுர அடி விளையாட்டுத் திடல் கட்டாயம். இது வரைவு விதி. ஆட்சேபம் உள்ளவர்கள் முப்பது நாளுக்குள் எழுதித் தரலாம். ஜூடித் மிஸ்ஸின் மனையே எழுநூறு சதுர அடி. வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கினாலும் முந்நூறு அடி குறைந்தது.

இருபத்தொன்பதாம் நாள், கைப்பட எழுதிய இரண்டு பக்கங்களோடு ஆட்சேபம் வாங்கும் கல்வித் துறை அலுவலகத்துக்குப் போனார். குமாஸ்தா ஷோபா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுடைய பதினோரு வருட சர்வீஸில் ஆட்சேபத்தோடு நேரில் வந்த முதல் ஆள் இவர்தானாம்.

“சட்டசபைல பாஸ் பண்ணிட்டாங்க. நான் சொல்லி மாறவா போகுது?” என்றார் ஜூடித் மிஸ்.

“நோடி மேடம்,” என்று கன்னடம் கலந்து விளக்கினாள் ஷோபா, “சபைல பாஸ் ஆகறது சட்டம். அதுல எத்தனை அடி, எத்தனை ஜன்னல்னு எல்லாம் இருக்காது. ‘விதிகளின்படி’ன்னு ஒரு வரி இருக்கும், அஷ்டே, அவ்வளவுதான். அந்த விதியை இந்த ஃப்ளோர்லதான் எழுதறோம். ஃபைனல் பண்றதுக்கு முன்னாடி ஜனங்களைக் கேட்கணும்.”

“ஜனங்க என்ன சொன்னாங்க?”

“நீங்கதான் ஜனங்க. வேற யாரும் வரலை.” சீல் குத்தி வாங்கிக்கொண்டாள்.

ஐந்து மாதம் ஜூடித் மிஸ்ஸுக்குச் சரியான தூக்கமில்லை. நவம்பரில் இறுதி விதி வந்தது. திடல், ‘அல்லது அரை கிலோமீட்டருக்குள் ஒரு பொதுப் பூங்கா’. அவர் எழுதிக் கொடுத்தது அப்படியே இருந்தது. பள்ளி நேரத்தில் தினம் அரைமணி அங்கே அழைத்துப்போக வேண்டும் என்று அதிகாரிகள் தங்கள் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருந்தார்கள். படித்துவிட்டு அழுதார். பிறகு ஆயாவுக்குப் படித்துக்காட்டி இன்னொரு முறை அழுதார்.

பூங்கா நானூறு மீட்டர்தான். மறுநாள் பத்தரை மணிக்குப் பதினெட்டுப் பேரையும் ஒரே கயிற்றைப் பிடிக்கவைத்து நடத்திப் போனார். கேட்டில் பூட்டு. உள்ளே நாற்காலியில் வாட்ச்மேன் ராம்கி.

“பத்து மணிக்குப் பூட்டிடுவேன் மேடம். இனி நாலு மணிக்குதான். ரூல்ஸ்.”

“யாரு போட்ட ரூல்?”

ராம்கி கொஞ்சம் யோசித்தான். “நான்தான். லவ்வர்ஸ் வந்து உட்கார்ந்துடறாங்க.”

“ஆட்சேபம் இருந்தா யாருகிட்ட குடுக்கணும்?”

“என்கிட்டதான்.”

ஜூடித் மிஸ் பைக்குள் பேனாவைத் தேடினார்.

“வாயால சொன்னா போதும் மேடம்.”

சொன்னார். வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கல்வித் துறை இன்ஸ்பெக்டர் இங்கேயே வந்து பார்க்கப்போவதையும், இந்தப் பூட்டு தொங்கினால் தன் நர்சரிக்கும் பூட்டுதான் என்பதையும் சேர்த்தே சொன்னார். கயிற்றைப் பிடித்து நின்ற வரிசையை ராம்கி ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தான். பரிசீலனை அரை நிமிடம் நடந்தது.

“பூ மட்டும் பறிக்கக் கூடாது. அதுக்கு ஆட்சேபம் கேட்க மாட்டேன்,” என்று சாவியை எடுத்தான்.