பத்மாசினியின் அடுப்படிக்கு வந்த கோல்

கோப்பாய்ச் சந்திக்குக் கிட்ட பத்மாசினி ஒரு சமையல்கூடம் நடத்துகிறாள். திவசம், அந்தியேட்டி, குடிபுகுதல் என்று சைவச் சாப்பாடு சமைத்து வீடுகளுக்கு அனுப்புவது தொழில். கொண்டுபோய் இறக்குவது என் ஓட்டோ. என் பெயர் பரமலிங்கம். எனக்கு வாயும் நீளம், கோபமும் அதிகம். ஆனால் பிடிவாதம் என்று வந்தால் அவளுக்குக் கிட்டவும் நான் நிற்க மாட்டேன்.

முன்பு டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரெலிபோன் எடுக்கிற வேலை பார்த்தவள். கலியாணம் சரிவராமல் பிரிந்து வந்தபோது, இனி என்ன செய்யப் போகிறாய் என்று சொந்தக்காரர் எல்லாரும் கேட்டார்கள். கேட்டவர்கள் வாய் மூடுவதற்குள் அடுப்பு மூட்டிவிட்டாள்.

எங்கள் ஊர்த் திவசங்களின் கூத்து வெளியில் உள்ளவர்களுக்குத் தெரியாது. செத்தவரின் வீடு இங்கே. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும். சாப்பாட்டுக்கு ஓடர் கொடுப்பவன் ஒரு நாட்டில், இலை போடுகிறவள் இன்னொரு நாட்டில். அவன் மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று படுத்துவிடுவான். இங்கே பத்மாசினி விடியக் கிழங்கு அவித்துக்கொண்டு நிற்பாள். மாவுக் கையோடு எவள் மின்னஞ்சல் பார்ப்பது?

தொண்டைமானாற்று நல்லம்மாவின் வீட்டில் நடந்தது அப்படித்தான். செத்துப்போன அவருடைய புருஷன் கப்பலில் வேலை செய்த மனிதர். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ரொறொன்ரோவில் இருக்கும் மகன் சுபாஸ்கரன் சாப்பாடு கேட்டு மின்னஞ்சல் போட்டிருந்தான். அது விளம்பரங்களுக்கு நடுவில் திறக்காமலே கிடந்தது. அன்றைக்கு ஐயர் கிரியை முடித்துவிட்டார். படைக்க ஒன்றும் இல்லை. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்த நல்லம்மா எங்களுக்குக் கோல் எடுத்திருக்கிறார். போன் அலுமாரிக்குள் கிடந்தது. கடைசியில் பக்கத்து வீட்டார் அவசரமாகச் சோறும் பருப்பும் காய்ச்சிப் படைத்தார்கள்.

விஷயம் தெரிந்ததும் பத்மாசினியை ஏற்றிக்கொண்டு பறந்தேன். கிழவி திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "பறவாயில்லைப் பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். திரும்பி வரும் வழி முழுக்க பத்மாசினி அழுதாள். அச்சுவேலி தாண்டியதும் கண்ணைத் துடைத்தாள்.

"அண்ணை, இனி ஈமெயில் வந்தால் என்ரை அடுப்படியிலை போன் அடிக்க வேணும்."

"ஈமெயில் எப்பிடியடி பிள்ளை போன் அடிக்கும்? கடிதம் வந்து கதவைத் தட்டுமே?"

"தட்டும். தட்டப் பண்ணுவன். வருசம் முடியேக்கை அந்த அம்மாவின்ரை வீட்டு ஆட்டத்திவசத்தை நான்தான் சமைப்பன். அதிலையும் பிழைச்சால் அடுப்பை இடிச்சுப்போட்டுப் போறன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். அடுத்த நாளே நல்லம்மா வீட்டு வாசலில் போய் நின்று கேட்டாள். "மகனைக் கேள்" என்றார் அவர். மகனைக் கேட்டாள். அவனும் யோசித்து யோசித்து ஓம் என்றான்.

பிறகு தொடங்கியது படிப்பு. கணினிக்கு நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கென்றே ஒரு செயலி இருக்கிறதாம். திரையில் பெட்டி பெட்டியாக இருக்கும். இது நடந்தால் அதைச் செய் என்று ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குக் கோடு இழுத்துவிட வேண்டியதுதான். வியாபாரத்துக்கென்று இணையத்தில் ஓடும் தனிப் போன் இலக்கம் ஒன்றும் எடுத்தாள். மின்னஞ்சல் வந்தால் அந்த இலக்கம் அடுப்படியில் நிற்கும் எல்லாருடைய போனையும் அடிக்கும்; யாராவது எடுக்கும்வரை விடாது.

முதல் கிழமை நரகம். செருப்புக் கடை மலிவு விற்பனை என்று மின்னஞ்சல் அனுப்பினால்கூட எல்லாப் போனும் சேர்ந்து அலறும். சமையலுக்கு உதவியாக நிற்கும் வித்தியா வடை சுட்டுக்கொண்டிருந்த கரண்டியை எண்ணெய்த் தாச்சிக்குள் போட்டுவிட்டு ஓடினாள். "உந்தச் சனியனை நிப்பாட்டு" என்று நான் கத்தினேன். பத்மாசினி என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. ஒரு பெட்டியை அழிப்பாள், இன்னொன்றை வைப்பாள், "அண்ணை, உங்கடை போனிலையிருந்து ஒரு ஈமெயில் அனுப்புங்கோ" என்பாள். சவாரிக்கு ஆள் ஏறி இருக்கும்போதும் கேட்பாள். அனுப்பி அனுப்பி எனக்கே மின்னஞ்சல் எழுத வந்துவிட்டது. ஓடர்க் கடிதம் வந்தால் மட்டும் போன் அடிக்கும் என்ற நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் அவள் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

அதோடும் விட்டாளா? ஓடர் தருகிறவன் கனடாவில். சாப்பிடும் வீடு இங்கே. அந்த வீட்டையும் ஒருமுறை கேட்க வேண்டும் என்றாள். தன் குரலையே பதிவு செய்தாள். "வணக்கம், பத்மா சமையல்கூடத்திலையிருந்து கதைக்கிறன். உங்கடை வீட்டுச் சாப்பாடு..." கிழமையின் ஏழு நாளையும் தனித்தனியாகச் சொல்லிப் பதிந்தாள், ஓடரில் உள்ள நாளைச் செயலி எடுத்து நடுவில் பொருத்திக்கொள்ளும். "...சரியெண்டால் ஒண்டை அமத்துங்கோ." அமத்தாவிட்டால், மறுமுனையில் கேட்ட சத்தம் பதிவாகி அவளுக்கு மின்னஞ்சலில் வரும். அந்த மின்னஞ்சலுக்கும் அடுப்படியில் போன் அடிக்கும்.

வருஷம் முடியும் நேரம் சுபாஸ்கரனின் ஓடர் வந்தது. போன் அடித்தது. வியாழக்கிழமை ஆட்டத்திவசம் என்று நாள் குறிபட்டது. மரக்கறிக்குச் சொல்லியாயிற்று. தகப்பன் உறைப்புக் கத்தரிக்காய்க் குழம்புக்கு உயிரை விடுவாராம், மகன் எழுதியிருந்தான். எல்லாம் கச்சிதம் என்று எனக்கே ஒரு பெருமை. செவ்வாய்க்கிழமை காலை அந்தப் பதிவுக் குரல் நல்லம்மாவுக்குக் கோல் எடுத்தது.

கொஞ்ச நேரத்தில் அடுப்படியில் போன் அடித்தது. நல்லம்மா ஒன்றை அமத்தவில்லை.

எங்கள் சனத்தை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது. வணக்கம் என்று ஒரு குரல் சொன்னால் பதில் சொல்லத் தெரியும். இலக்கம் அமத்தத் தெரியாது. பத்மாசினி அரிசி களைந்த ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் பதிவைப் போட்டாள். நாங்கள் எல்லாரும் சுற்றி நின்று கேட்டோம்.

"ஆர், பத்மாவே? வணக்கம் பிள்ளை. என்ன வியாழனெண்டிறாய்? வெள்ளிக்கிழமையெல்லோ திதி. ஐயரும் வெள்ளியெண்டுதான் சொன்னவர். உவன் சுபாஸ் அங்கத்தைக் கோயில் கலண்டரைப் பாத்திருப்பான். அங்கை பகலெண்டால் இங்கை இரவு, திதியும் முன்னுக்குப் பின்னாத்தானே வரும். வியாழன் கொண்டந்திடாதை, என்ன?"

ரொறொன்ரோவில் திதி வியாழன், எங்களுக்கு வெள்ளி. பெட்டிகள் எல்லாம் சொன்னபடிதான் வேலை செய்தன. சொன்ன நாள்தான் பிழை. அந்தச் சத்தம் வந்திராவிட்டால் வியாழன் சமைத்துக் கொண்டுபோயிருப்போம். வெள்ளிக்கிழமை அந்த மனிசி மறுபடியும் வெறும் இலைக்கு முன்னால் இருந்திருப்பார்.

"வெள்ளிக்கு மாத்துறன்" என்று பத்மாசினி எழும்பினாள். ஆனால் பதிவு இன்னும் முடியவில்லை.

"கேக்கிறியே பிள்ளை? ஒண்டும் பேசுறாயில்லை. போன முறை நடந்ததை நினைச்சுக்கொண்டு நிக்கிறியோ? அண்டைக்கு எனக்குச் சரியான கோவம்தான். உன்ரை முகத்தைப் பாத்துச் சொல்ல வாய் வரேல்லை. பேந்து நீ வந்து வாசலிலை நிண்டு கேட்டியெல்லே, அப்பவே அந்தக் கோவம் போயிட்டுது. நீ சமைச்சுக் கொண்டு வா. அவருக்குக் கத்தரிக்காய் உறைப்பா இருக்க வேணும். சரியே? ...பிள்ளை?"

அவ்வளவுதான். பத்மாசினி அப்படியே கீழே குந்தினாள். வித்தியா தண்ணீர் கொடுத்தாள். நான் ஓட்டோவைத் துடைக்கிற சாட்டில் வெளியே போய்விட்டேன். ஆம்பிளை அழுவதை வித்தியா பார்த்தால் ஊர் முழுக்கச் சொல்லுவாள்.

வெள்ளிக்கிழமை விடிய வெள்ளெனப் புறப்பட்டோம். வழக்கமாகச் சாப்பாட்டோடு நான் மட்டும்தான் போவேன். அன்றைக்கு அவள் குழம்புச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்சீற்றில் இருந்தாள். ஐயர் வருவதற்கு முன்பே இறக்கியாயிற்று. படையல் முடிந்தது, காக்கைக்கும் வைத்தாயிற்று. நல்லம்மா இலைக்கு முன்னால் இருந்து முதல் பிடியை வாயில் வைத்தார். உறைப்பில் கண் கலங்கியது. உறைப்பில்தான் என்று வைத்துக்கொள்வோம்.

தண்ணீர் குடித்துவிட்டு, பரிமாறிக்கொண்டு நின்ற பத்மாசினியை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் பிள்ளை, அண்டைக்குப் போனிலை நான் இவ்வளவு கதைச்சன். நீ ஒரு ஓமெண்டு கூடச் சொல்லேல்லை?"

அது பதிந்து வைத்த குரல் என்று நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். பத்மாசினி என் கையில் நுள்ளினாள். பிறகு கரண்டியைச் சட்டிக்குள் வைத்துவிட்டு, நல்லம்மாவுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள்.

"ஓம் அம்மா" என்றாள்.