பைன்மரக் காசின் ஓரம்

என் சவரப் பெட்டியில், பிளேடுகளுக்கு அடியில் ஒரு காசு கிடக்கிறது. நடுவில் ஒரு பைன் மரம், சுற்றிலும் கோணல்மாணலாக ஆங்கில எழுத்து, பின்பக்கம் 1652 என்று ஆண்டு. விளிம்பை நகத்தால் தடவினால் ஒரு நெல் நீளத்துக்குக் கோடு தட்டுப்படும். இதை ஒருவர் என் மூஞ்சியைப் பார்த்து வீசினார். நான் குனிந்து எடுத்துக்கொண்டேன்.

அவர் என் முதலாளி. விருத்தாசலத்தில் அவருடைய பீங்கான் பட்டறையில் அச்சு வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு முப்பது வயது. எட்டாவதோடு படிப்பு நின்றுபோய், செங்கல் சூளை, லாரி கிளீனர், திருப்பூர் சாயப்பட்டறை என்று சுற்றிவிட்டு வந்திருந்தேன். பிளாஸ்டர் அச்சு இரண்டு பாதியாக இருக்கும். சேர்த்துக் கட்டிக் களிமண் கூழை ஊற்றி, இறுகியதும் பிரித்தால் பொம்மை நிற்கும். பாதிகள் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு ஓடும். அதைக் கத்தியால் சுரண்டி ஈர ஸ்பாஞ்சால் துடைக்க வேண்டும். விட்டுப்போனால் சூளையில் வெந்து நிலைத்துவிடும். ஒரு வருஷத்தில் என் கட்டைவிரல் நகம் கண் பார்ப்பதற்கு முன்பே கோட்டைக் கண்டுபிடிக்கப் பழகிவிட்டது.

முதலாளிக்குப் பழைய காசுப் பித்து. அதிலும் அமெரிக்கா இங்கிலாந்து ராஜாவுக்குக் கீழே இருந்த காலத்துக் காசுகள், அதை அடுத்து வந்த காசுகள். அங்கே இருந்த மச்சினர் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கொடுத்த செப்புக்காசுகள் ஒன்பது, வெல்வெட் பெட்டியில் இருந்தன. ஒன்றில் குதிரைத் தலையும் அதன் கீழே ஒரு ஏரும். கடல் தாண்டியும் நம் ஊர் மாதிரி ஏர் பூட்டியிருக்கிறார்களே என்று அதை எட்டி நின்று பார்ப்பேன். காசைப் பிரஷ்ஷால் துடைக்கும்போது அவர் குரல் குழந்தையிடம் பேசுவதுபோல் இருக்கும். எங்களிடம் ஒருநாளும் அந்தக் குரலில் பேசியதில்லை.

ஒருநாள் அந்த ஏர்க்காசைக் காணவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"சட்டைய கழட்டுடா. ஊரு ஊரா சுத்தறவனுக்கு கை சும்மா இருக்குமா?"

பொம்மை சுரண்டிக்கொண்டிருந்த அக்கா ஒருத்தி, "மொதலாளி, பொம்பளைங்க இருக்கறோங்க" என்றாள்.

"கண்ண மூடிக்க."

சட்டையைக் கழற்றினேன். பேண்டையும் கழற்றச் சொன்னார். கழற்றினேன். டிபன் பாக்ஸைத் தரையில் கவிழ்த்தார். களிமண் சேற்றில் கிடந்த சோற்றைக் காலால் கிளறிப் பார்த்தார். மூன்றாம் நாள், ஆபீசையும் கூட்டுகிற அதே அக்கா வந்து, "காசு அவரு மூக்குக்கண்ணாடி பொட்டியிலயே இருந்துதாம்பா" என்றாள். அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறியவன் நான். அங்கே மட்டும் ஏறவில்லை. ஏன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை.

சில மாதம் கழித்துப் புதுச்சேரியிலிருந்து ஒரு வியாபாரி இந்தப் பைன்மரக் காசோடு வந்தார். ஒன்பது செப்புக்காசுக்கும் பதில் இந்த ஒரே வெள்ளிக்காசு என்றார். முதலாளி உடனே வெல்வெட் பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தார். சாயப்பொடி நிறுக்கும் தராசோடு என்னைக் கூப்பிட்டார்கள்.

"கைய தொடச்சிட்டு தொடு. ஒங்க பரம்பரையே பாத்திருக்காது."

தட்டில் வைத்தேன். எடை சரியாக இருந்தது. எடுக்கும்போது நகம் தானாக விளிம்பில் ஓடியது. கோடு. யாரோ அரத்தால் தேய்த்துவிட்டு, ஒரு நெல் அளவு மட்டும் விட்டிருந்தார்கள். அந்தக் காலத்துக் காசை அச்சால் அழுத்தி அடிப்பார்கள் என்று அவரே வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இது எங்கள் பொம்மை மாதிரி இரண்டு பாதியில் ஊற்றிய போலி.

"எப்பிடிடா இருக்குது?" என்று சிரித்தார்.

"நல்லா இருக்குதுங்க மொதலாளி."

வெல்வெட் பெட்டி புதுச்சேரிக்குப் போனது. அந்த ஏர் போனதுதான் எனக்கு வருத்தம்.

பிறகு சென்னைக் கண்காட்சி ஒன்றுக்குக் காசை எடுத்துப்போனார். அங்கே சிரித்துவிட்டார்கள். திரும்பி வந்த அன்று என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். கத்தவில்லை.

"அன்னிக்கு ஒன் கையில இருந்துதே. ஜாயிண்டு தெரியலியா?"

"தெரிஞ்சிதுங்க."

"ஏண்டா சொல்லல?"

"கண்ணாடி பொட்டியில காசு கெடச்சத நீங்க சொன்னீங்களா?"

அப்போதுதான் வீசினார். கன்னத்தில் பட்டுக் கீழே விழுந்தது. "பொறுக்கிக்கிட்டு போடா. ஒனக்கு ஏத்தது அதான்." பொறுக்கிக்கொண்டு போனேன்.

பல வருஷம் கழித்துப் போன மாதம் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸுக்குக் குச்சி ஊன்றி நின்றிருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. பரிதாபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவரும் என்னை அடையாளம் கண்டார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தத் திருப்பலில் பழைய ஆள் அப்படியே இருந்தார்.

அறைக்கு வந்து காசை எடுத்து வழக்கம்போல் விளிம்பைத் தடவினேன். இந்தக் கோட்டைச் சுரண்டுவது எனக்கு ஒரு நிமிஷ வேலை. பட்டறைக் கத்தியும் பக்கத்திலேயே இருந்தது. சுரண்டாமல் காசைத் திரும்பப் பிளேடுகளுக்கு அடியில் வைத்தேன்.