எதிர்க்கடை மரத்துக் காளான்

கோவிந்தம்மாவின் வயிற்றெரிச்சல் சாமானியமானது இல்லை. எதிராளிக்கு ரெண்டு இட்லி கூடுதலாக விற்றால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. சுங்குவார்சத்திரம் தாண்டி, கம்பெனி பஸ்கள் நிற்கிற வளைவில், கம்பெனிகள் வருவதற்கு முன்பிருந்தே கடை போட்டிருந்தவள். கடை என்றால் ஒரு தள்ளுவண்டி, ரெண்டு பெஞ்சு, தலைக்கு மேலே ஒரு வேப்பமரம். அந்த வளைவிலேயே பெரிய மரம் அதுதான். ஷிப்டுக்குப் போகிற பையன்கள் வெயிலுக்கு அதன் கீழே ஒதுங்குவார்கள். ஒதுங்கியவன் சும்மா நிற்பானா, ஒரு டீ சொல்வான். கோவிந்தம்மா அதைத் தன் கைப்பக்குவம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

2008இல் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் டீக்கடை போட பூமாரி வந்து சேர்ந்தாள். தென்காசிப் பக்கத்துக்காரி. புருஷனுக்கு இருங்காட்டுக்கோட்டையில் காண்ட்ராக்ட் வேலை. அவளுக்கு வாய்த்ததும் வேப்பமரத்தடிதான், ஆனால் லாரி உரசிப் பட்டை பேர்ந்து, பாதிக் கிளை காய்ந்துபோன மரம். கோவிந்தம்மா அவளைப் பார்த்து மனசார இரக்கப்பட்டாள். நம்மைவிடக் கீழே இருப்பவர்கள் மேல் இரக்கப்படுவதில் என்ன கஷ்டம்?

அடுத்த மழைக்காலத்தில், பட்டை பேர்ந்த இடத்தில் ஒரு காளான் முளைத்தது. குடைக்காளான் இல்லை. மரத்திலிருந்து தட்டை நீட்டினாற்போல, கட்டையாக, செம்பழுப்பு நிறத்தில், விளிம்பு மட்டும் வெளுத்து இருந்தது. பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண், "ஆத்தால்லா நாக்க நீட்டிக்கிட்டு நிக்கா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மறுநாள் மஞ்சளும் குங்குமமும் ஏறின. அப்புறம் மஞ்சள் துணி, வளையல். மாரிசெல்வம் என்ற டிரெய்னிப் பையன், வேலை பெர்மனென்ட் ஆகவேண்டும் என்று எலுமிச்சம்பழம் வைத்தான். ஆர்டர் வந்துவிட்டது. பிறகு கேட்கவேண்டுமா? பஸ்ஸுக்குப் பஸ் செய்தி பறந்தது. டிரெய்னிகள் எல்லாரும் அம்மனைக் கும்பிட்டு, கும்பிட்ட கையோடு பூமாரியிடம் டீ குடித்தார்கள்.

கோவிந்தம்மாவின் பெஞ்சில் ஈ உட்கார்ந்தது.

"நான் இன்னா பாவம் பண்ணேன்? நேத்து வந்தவகிட்ட போய் குந்திக்கினாளே ஆத்தா!" என்று புருஷன் ராஜாமணியிடம் பொருமினாள்.

"அவ மரத்துல பட்டை போன எடத்துல வந்துகீது. நம்ம மரம்தான் நல்லாகீதே, எப்டிமே வரும்?" என்றான் அவன், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

அவன் விளையாட்டாகச் சொன்னான். கோவிந்தம்மா விளையாட்டாகக் கேட்கவில்லை.

பஸ் வராத ஒரு மத்தியானத்தில் அரிவாளை எடுத்துக்கொண்டு தன் மரத்துக்குப் பின்னால் போனாள். "பொறுத்துக்கோ தாயே, உன்னக் கூப்புடத்தான்" என்று சொல்லி, அடிமரத்தில் பட்டையைச் செதுக்கினாள். அரிசி கழுவின தண்ணீரும் புளித்த மோரும் ஊற்றி, ஈரச்சாக்கைச் சுற்றிக் கட்டினாள். ராஜாமணி கேட்டபோது கரையானுக்கு மருந்து என்றாள். மரம் பாவம், காயத்தை மூடப் பார்க்கும். இவள் மறுபடி செதுக்குவாள். ஒரு நாளில்லை, ரெண்டு நாளில்லை, வருஷக்கணக்கில் இதே வேலை.

2013 ஆடியில் ஆத்தா மனம் இறங்கினாள். சாக்கை விலக்கிப் பார்த்தால், கையகலக் காளான்! கோவிந்தம்மா அழுதேவிட்டாள். எதிர்க்கடைக்குக் கேட்கிற மாதிரி தேங்காய் உடைத்தாள். பட்டுப் பாவாடை சாத்தினாள். கூட்டமும் திரும்பி வந்தது. பூமாரியே ரோட்டைத் தாண்டி வந்து கும்பிட்டாள். போகும்போது மட்டும் அண்ணாந்து பார்த்து, "அக்கா, எல பூரா கொட்டுதே. யாரையாவது கூட்டியாந்து மரத்தப் பாக்கச் சொல்லுங்க" என்றாள்.

"கண்ணு வெக்கிறா பாரு!" என்று அன்று சாயங்காலமே கோவிந்தம்மா மரத்துக்கு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். தான் பொறாமைப்படுகிறவளுக்கு ஊரெல்லாம் பொறாமைக்காரர்கள்.

அடுத்த கோடையில் மேல்கிளைகள் மொட்டையாகிவிட்டன. பெஞ்சில் நேர்வெயில் அடித்தது. பையன்கள் இந்த அம்மனைக் கும்பிட்டுவிட்டு, டீ குடிக்க, பூமாரி புதிதாகப் போட்ட தகரக் கொட்டகைக்குப் போனார்கள். சாமி இங்கே இருக்க இவன்கள் ஏன் அங்கே போகிறான்கள் என்று கோவிந்தம்மாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

2015 கார்த்திகை மழையில், செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததைப் பற்றியே ஊர் பேசிக்கொண்டிருந்த ஒரு காலையில், பெரிய காற்றுகூட இல்லாமல் மரம் சாய்ந்தது. கோவிந்தம்மா பால் வாங்கப் போயிருந்ததால் தப்பித்தாள். வண்டியும் பெஞ்சும் சப்பளிந்து கிடந்தன. மரத்தை அறுக்க வந்தவன் அடித்தூரைக் காலால் தட்டினான். டீயில் ஊறின ரஸ்க் மாதிரி உதிர்ந்தது.

"காளான் வந்தாலே உள்ள உளுத்துப் பூடுச்சுன்னு அர்த்தம்மா. இங்க யாரோ பட்டையக் கொத்தி வெச்சிருக்காங்க, பாரு" என்றான்.

கோவிந்தம்மா அந்த இடத்தைக் காலால் மறைத்தபடி அடித்தூர் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் கையால் தன் அடுப்பில் தண்ணீர் ஊற்றியவள் யாரிடம் சொல்லி அழுவாள்?

பூமாரி நனைந்துகொண்டே ஓடிவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். விழுந்த கிளையைப் பிடித்துக்கொண்டு, இவளுக்கும் சேர்த்து அழுதாள்.

"இந்த நெழலப் பாத்து எனக்கு எம்புட்டு வயிறு எரியும் தெரியுமாக்கா? கட போட்ட அன்னைலருந்து எரிஞ்சிருக்கேன். அக்காவுக்கு இப்படி ஒரு மரம், எனக்கு அந்தப் பட்டுப்போன மரமான்னு. ஆத்தாகிட்ட தெனமும் இந்த நெழல மாதிரி ஒண்ணுதான் கேட்டேன்."

இந்த ஒரு வார்த்தையை அவள் வாயால் கேட்கத்தான் கோவிந்தம்மா இத்தனை வருஷமாகத் தவித்திருந்தாள். கேட்டதும், பழக்கதோஷத்தில், பெருமையோடு அண்ணாந்து பார்த்தாள். மழை நேராக முகத்தில் விழுந்தது.