டெய்ஸியை அனுப்ப அம்மா நாள் பார்த்த கதை

முட்டைகூட வாசற்படி தாண்டாத எங்கள் வீட்டுக் கராஜில் மூன்று வாரம் ஒரு மலைப்பாம்பு இருந்தது என்றால் இன்றைக்கு என் பிள்ளைகளே நம்புவதில்லை. எல்லாம் அப்பாவின் தலையாட்டலால் வந்த வினை.

டெக்சாஸில், கேட்டி என்ற ஊரில் அப்போது குடியிருந்தோம். எதிர்வீட்டு அமெரிக்க அங்கிள் எண்ணெய்க் கம்பெனி வேலையாக அலாஸ்காவுக்குக் கிளம்பினார். தன் ஒன்பதடிப் பாம்பை நாங்கள் வளர்க்க முடியுமா என்று கேட்டார். முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லி அப்பாவுக்குப் பழக்கமே கிடையாது. சங்கடத்தில் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிவைத்தார். மறுநாள் காலை எங்கள் கராஜில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் டெய்ஸி, பக்கத்தில் உறைந்த எலிகளோடு ஒரு குட்டி ஃப்ரீஸர். அங்கிள் ஏர்போர்ட் போய்ச் சேர்ந்திருந்தார்.

"தலையாட்டறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதாங்க?" என்றாள் அம்மா. அப்பா பத்து இடத்துக்கு போன் போட்டு, ஹூஸ்டனில் பாம்பு வளர்க்கும் ஓர் ஆன்ட்டியைப் பிடித்தார். வெள்ளிக்கிழமை வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு.

நான் அழுது ஆர்ப்பாட்டம் செய்தேன். எனக்குப் பத்து வயது. பள்ளி ஆண்டின் நடுவில் நியூ ஜெர்ஸியிலிருந்து வந்து சேர்ந்தவள். இரண்டு மாதமாக ஸ்கூலில் எலுமிச்சை சாதத்தைத் தனியாக உட்கார்ந்துதான் தின்றேன். வீட்டில் கேட்டால், "ஐ ஹாவ் லாட்ஸ் ஆஃப் ஃப்ரெண்ட்ஸ்" என்று புளுகுவேன். பாம்பைப் பற்றி ஸ்கூல் பஸ்ஸில் சொன்ன அன்று சாயங்காலமே நான்கு பேர் பெல் அடித்தார்கள். கதவைத் திறந்த அம்மா ஒரு நிமிஷம் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முறுக்கு டப்பாவைத் தேடப் போனாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா, வீடு தேடி வந்த உயிரை வெளிய அனுப்புவாங்களா?" என்றாள் அம்மா. அப்பா போனில் மன்னிப்புக் கேட்டார். அப்புறம் அஷ்டமி. அப்புறம் நவமி. அதைத் தாண்டினால் அமாவாசை. காலண்டரில் தாள் கிழிக்கவே மறந்துபோகிற அம்மாவுக்குத் திடீரென்று இத்தனை சாஸ்திரம் எங்கிருந்து வந்ததென்று அப்பாவுக்குப் புரியவில்லை.

"இது எந்த ஊரு அஷ்டமி? மெட்ராஸ் டைமா, டெக்சாஸ் டைமா?"

அம்மா முறுக்கு மாவு பிசையப் போனாள்.

இதற்கிடையில் டெய்ஸிக்குப் பசி வேளை வந்தது. அப்பா எலியைப் பார்த்ததுமே நழுவிவிட்டார். அம்மாதான் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, வெந்நீர் பக்கெட்டில் எலியைப் போட்டு இளக்கி, நீள இடுக்கியால் நீட்டினாள். "சிவ சிவா, சிவ சிவா" என்று சொல்லிக்கொண்டே நீட்டினாள். பாம்பு பார்க்க வந்த பிள்ளைகள் கைதட்டினார்கள். அவள் நேரே போய்த் தலைக்குக் குளித்தாள். எனக்கோ மானம் போயிற்று. என் அம்மா ஒரு மூடநம்பிக்கைக்காரி, காலண்டரைக் கேட்காமல் எதுவும் செய்யமாட்டாள் என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தேன். எல்லாம் அவளுக்குக் கேட்டது. ஈரத் தலையோடு இன்னொரு தட்டு முறுக்கு கொண்டுவந்து வைத்தாள். அவளுக்கு நான் எத்தனை நன்றி சொன்னாலும் போதாது.

மூன்றாவது வாரம், ஒரு திங்கட்கிழமை. வந்தவர்கள் கராஜ் பக்கம் திரும்பவே இல்லை. தெருவில் என்னோடு சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பாம்பு பாக்கலையா?" என்று வாசலிலிருந்து அம்மா கேட்டாள். நான் அதை அவர்களிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். "அதான் பாத்தாச்சே" என்கிற மாதிரி தோளைக் குலுக்கிவிட்டு மறுபடி சைக்கிளை மிதித்தார்கள்.

அன்று அப்பா ஆபீஸிலிருந்து வந்ததும், "அந்த ஆன்ட்டியை நாளைக்கே வரச் சொல்லிடுங்க" என்றாள் அம்மா.

"நாளைக்குச் செவ்வாய்க்கிழமை ஆச்சே!"

"அமெரிக்காவுல யாருங்க செவ்வாய்க்கிழமையெல்லாம் பாக்கறாங்க?"

டெய்ஸி வேனில் ஏறிப் போனாள். அம்மாவுக்கு ஈவு இரக்கமே கிடையாது என்று கத்தினேன், சாப்பிடாமல் படுத்தேன். புதன்கிழமை சாயங்காலம் பெல் அடித்தது. பாம்பு இல்லை, போய்விட்டது என்றேன்.

"வீ நோ. ஆர் யூ கமிங் அவுட்?"

சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். என் அம்மாவுக்கு ஒழுங்காக நாள் பார்க்கக்கூடத் தெரியாது என்று அவர்களிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டே ஓடினேன்.