சறுக்குமரம் வைத்த விமானம்

ஜனவரி 10, வெள்ளி.

நேற்று ஒரு தவறு செய்தேன். மஞ்சள் வண்ண டப்பாவை மூடாமல் விமானத்துக்குள்ளேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டேன். சின்னத் தவறுதான். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அந்த மூடியால் வந்தது. அதனால் அதையே முதலில் எழுதுகிறேன்.

இது நடந்தது. கனவில்லை. நானே நம்பாமல் இன்று காலையில் என்னைச் சோதித்துப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. தின்னர் வாடையில் தலை சுற்றியிருக்குமோ என்று யோசித்தேன். தின்னர் கேன் நேற்று மதியமே வண்டிக்குப் போய்விட்டது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுகிறேன்.

எங்கள் ஊர்ப் பூங்காவில் நிற்கும் விமானத்தில் ஏறிச் சறுக்காத குழந்தை இந்த வட்டாரத்தில் இல்லை. விமானப்படையில் ஓடி ஓய்ந்தது. இப்போது எஞ்சின் இல்லை, இருக்கை இல்லை, சக்கரங்கள் சிமெண்டில் புதைந்து கிடக்கின்றன. முன்பக்கம் இரும்புப் படியேறி உள்ளே போனால் நீளமான வெறும் கூடு. வால் பக்கம் ஒரு பெரிய வாசல். அந்த வாசலில்தான் சறுக்குமரம்.

மூக்கை வானத்தை நோக்கித் தூக்கிக்கொண்டு வாலைத் தரையில் ஊன்றி நிற்கும் பழைய மாதிரி விமானம் அது. அதனால் உள்ளே தரை எப்போதும் சரிவுதான். கையிலிருந்து எது நழுவினாலும் வால் பக்கம் உருண்டுவிடும். மூன்று நாளாக என் உருளைத் தூரிகை அப்படித்தான் என்னை ஓட வைத்தது.

எங்கள் நாட்டில் ஜனவரி இரண்டாம் சனிதான் குழந்தைகள் தினம், அது நாளை. அதற்குள் வண்ணம் பூசி முடிக்க வேண்டும். வேலையை எடுத்தவர் வான்டி அக்கா. பூசுவது தோங் அண்ணனும் நானும். சறுக்குமரத்துக்கு அடித்த வண்ணம் காயவில்லை. பிள்ளைகள் சறுக்கிவிடக் கூடாதென்று வால் வாசலைத் தோங் அண்ணன் வெளியிலிருந்து பலகை வைத்துத் திருகிவிட்டார்.

நேற்று மாலை ஐந்தேமுக்கால். நான் கை கழுவிக்கொண்டிருந்தேன்.

"என்ன டீச்சரம்மா, வகுப்புக்குக் கிளம்பலியா?" என்றார் தோங் அண்ணன். நான் மாலை வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு நான் டீச்சரம்மா.

"ரின், மஞ்சள் டப்பா எங்கடி?" இது வான்டி அக்கா.

"உள்ள இருக்குக்கா."

"மூடினியா?"

கழுவின கையையே மறுபடி கழுவினேன்.

"ஆடை கட்டிப் போச்சுன்னா காலைல கதவுக்கு உன் மூஞ்சியவா பூசறது? போ, போய் மூடிட்டு வா."

"படிச்ச புள்ளைங்க மூடியெல்லாம் போடாதுக்கா," என்றார் தோங் அண்ணன்.

படியேறினேன். கைப்பேசி வண்டிப் பெட்டியில் இருந்தது. இரண்டு நிமிட வேலை என்று எடுக்கவில்லை.

உள்ளே வெளிச்சம் இருந்தது. சன்னல் வழியே வெயில் மஞ்சளாக விழுந்துகொண்டிருந்தது. டப்பா வால் பக்கம் இருந்தது. குனிந்து மூடியை வைத்து, குச்சியால் தட்டி இறுக்கினேன். அப்போது ஒரு குரல்.

"அக்கா... இறங்கலாமா?"

சின்னக் குரல். ஆறு, ஏழு வயது இருக்கும். பலகைக்கு அந்தப் பக்கம் சறுக்குமரத்தில் எவனோ ஏறி நிற்கிறான் என்று நினைத்தேன். ஈர வண்ணத்தில் கால் வைத்துவிடப் போகிறான் என்ற எரிச்சல். திரும்பிப் பார்க்காமலேயே கத்தினேன்.

"இறங்கக் கூடாது! நான் சொல்ற வரைக்கும் அசையாம உக்காருங்க!"

"சரிங்க அக்கா."

அதைச் சொன்னது ஒரு குரல் இல்லை. வகுப்பில் எல்லாரும் சேர்ந்து சொல்வார்களே... அப்படி.

அந்தி நேரத்தில் முகம் தெரியாத குரலுக்குப் பதில் சொல்லக் கூடாது என்று எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் அது நினைவுக்கு வரவில்லை. இன்னொன்றும் அப்புறம்தான் உறைத்தது. அந்தச் சறுக்குமரத்தில் வெளியிலிருந்து ஏறி நிற்க முடியாது. பலகையை ஒட்டி, நிற்க இடமே இல்லை.

முன்கதவு சாத்திக்கொண்டது. காற்று என்று நினைத்தேன்.

போய்த் தள்ளினேன். வரவில்லை. தோளால் தள்ளினேன். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. பிள்ளைகள் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று வேண்டுமென்றே வைக்காமல் விட்டது. தகரக் கதவு, லேசான சுருள்வில். ஒரு விரலால் திறக்கலாம். சுவரைத் தள்ளுவதுபோல் இருந்தது.

"தோங் அண்ணே!"

காது அடைத்துக்கொண்டது. மலைப்பாதையில் பேருந்து ஏறும்போது அடைக்குமே, அதேபோல். எச்சில் விழுங்கினேன். விடவில்லை.

கையிலிருந்த மூடிக் குச்சி கீழே விழுந்தது. விழுந்த இடத்திலேயே கிடந்தது.

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உருளைத் தூரிகை. அதுவும் கூட்டின் நடுவில், அசையாமல். காலால் லேசாகத் தட்டினேன். ஒரு சுற்று உருண்டு நின்றது.

தரை சரிவாக இல்லை.

மேசைபோல மட்டமாக இருந்தது. இந்த விமானத்தில் தரை எப்போது மட்டமாக இருக்கும் என்று யோசித்தேன். யோசித்திருக்கக் கூடாது.

பறக்கும்போது.

சன்னலுக்கு ஓடினேன். வெளியே பூங்கா அப்படியே இருந்தது. புல்வெளியில் பெண்கள் வரிசையாகப் பாட்டுக்கு உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். கை தூக்கினார்கள், குதித்தார்கள். பாட்டுச் சத்தம் தினமும் தெருக்கோடி வரை கேட்கும். எனக்குத் துளியும் கேட்கவில்லை. தோங் அண்ணன் வண்டியில் சாய்ந்து நின்றிருந்தார். கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்தேன்.

அவர் சிரித்தார். கையை ஆட்டினார்.

கண்ணாடி சில்லென்று இருந்தது. பகல் முழுக்க வெயில் குடித்த கண்ணாடி.

அப்போது வெளியே எல்லாரும் ஒரே நேரத்தில் அசையாமல் நின்றார்கள். குதித்துக்கொண்டிருந்தவர்கள், நாயோடு நடந்தவர், ஐஸ் விற்பவர், எல்லாரும். தோங் அண்ணனும் வண்டியைவிட்டு நிமிர்ந்து நின்றார். மணி ஆறு. தினமும் இந்த நேரத்துக்கு ஒலிபெருக்கியில் நாட்டுப்பண் வரும், எல்லாரும் நிற்க வேண்டும். எனக்குக் கேட்கவில்லை. ஆனால் மணி ஆறு.

என் பின்னால் சத்தம்.

கொக்கி கழலும் சத்தம். ஒன்று. இன்னொன்று. வரிசையாக... டக்... டக்... டக்... இரு பக்கச் சுவரோரமும். அங்கே இருக்கையே கிடையாது. பிறகு துணி உரசும் சத்தம். செருப்புகள் ஒன்றுசேரும் சத்தம்.

எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள்.

தூக்கிய கையோடு நானும் அசையாமல் நின்றேன். பயத்திலா, பழக்கத்திலா, தெரியாது. முதுகில் யார் யாரோ மூச்சுவிட்டார்கள். சின்ன மூச்சுகள்.

வெளியே பெண்கள் மறுபடி குதிக்கத் தொடங்கினார்கள்.

உள்ளே எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

"அக்கா..."

உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"அக்கா, நாங்க அசையல."

இன்னும் கிட்டத்தில்.

"நீங்க சொன்ன மாதிரியே உக்காந்திருக்கோம்... இறங்கலாமா?"

கத்தினால் கேட்காது. தள்ளினால் திறக்காது. யாரும் இறங்கக் கூடாது என்று நான்தான் சொன்னேன். நானும் உள்ளேதான் இருக்கிறேன்.

அப்பாவின் நினைவு வந்தது. அவர் வெளியூர் நெடுஞ்சாலையில் செத்தார். ஊருக்குக் கொண்டுவரும்போது வண்டியில் சித்தப்பா ஊதுபத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். திருப்பம் வருதுண்ணே, திரும்புறோம். பாலம் வருதுண்ணே, தாண்டுறோம். வந்துட்டோம், இறங்குண்ணே. சொல்லாவிட்டால் செத்தவர்களுக்குத் தெரியாதாம். விட்ட இடத்திலேயே இருந்துவிடுவார்களாம்.

கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்.

"வந்துட்டோம்."

மூச்சுகள் நின்றன.

"விமானம் நின்னுடுச்சு. எல்லாரும் இறங்கலாம். அக்கா பின்னாடியே வாங்க."

காலடியில் தரை சாய்ந்தது. உருளைத் தூரிகை கடகடவென்று வால் பக்கம் ஓடிப் பலகையில் மோதியது. காது திறந்தது. பாட்டுச் சத்தம் இடிபோல் உள்ளே விழுந்தது.

கதவு தானாக ஆடிக்கொண்டிருந்தது.

இறங்கினேன். திரும்பிப் பார்க்கவில்லை. நான் தரையில் கால் வைத்த பிறகும் இரும்புப் படி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது... டிங்... டிங்... டிங்... ஒவ்வொருவராக.

"ஒரு மூடிக்கு இவ்வளவு நேரமா?" என்றார் தோங் அண்ணன். "மூஞ்சி ஏன் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு?"

"கதவு திறக்கலண்ணே. சன்னல அடிச்சேனே, பாக்கல?"

"அடிச்சியா? டாட்டா காட்டுறேன்னு நெனச்சு நானும் காட்டினேன். வகுப்புக்கு மட்டம் போட என்னென்ன கதை பாரு!"

என் ஸ்கூட்டரை எடுத்தேன். பின்பக்கம் கனத்தது. சக்கரத்தை இறங்கிப் பார்த்தேன், காற்று இருந்தது. பாலத்தருகே வந்ததும் கனம் சட்டென்று விட்டது. வண்டி துள்ளிக்கொண்டு பாலம் ஏறியது. நிம்மதியாக இருந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் கோயில் பள்ளிக்கூடத்தில்தான் வகுப்பு. பாடம் எதுவும் காதில் விழவில்லை. வீட்டுக்குப் போய் விளக்கை அணைக்காமல் தூங்கினேன்.

இது நேற்று. இனி இன்று.

காலையில் வான்டி அக்காவிடம் கேட்டேன். "அக்கா, இந்த விமானம் எங்கயாச்சும் விழுந்துச்சா?"

"விழுந்திருந்தா பூங்காவுல வெப்பாங்களா, பைத்தியம்? எந்தங்கச்சி புருஷன் இதுலதான் சரக்கு ஏத்தி இறக்கினான். ஒரு கீறல் விழல."

நான் விடவில்லை. அக்கா எரிச்சலோடு தங்கச்சி புருஷனுக்குப் போன் போட்டுத் தந்தார். முதலில் அவரும் சிரித்தார். ராசியான விமானம், ஒரு சாவு இல்லை என்றார். பிறகு, "அந்த வெள்ளத்தப்போ மட்டும் ஒருதடவ..." என்றார்.

பள்ளிக்கூடத்துச் சுற்றுலாப் பேருந்து ஒன்று வெள்ளத்தில் போயிருக்கிறது. பிள்ளைகளைச் சொந்த ஊருக்கு அனுப்ப இந்த விமானம்தான் போயிற்று. எல்லாம் சின்னச் சவப்பெட்டிகள். பெஞ்சில் வரிசையாக வைத்துப் பட்டை போட்டுக் கட்டினார்களாம்.

"கூட யாரு வந்தாங்க? வழி சொல்ல?"

"ரோடெல்லாம் முங்கிக் கிடந்துச்சும்மா. வீட்டாளுங்க யாராலயும் வர முடியல."

"இறங்கினதும் யாராச்சும் சொன்னீங்களா? வந்தாச்சு, இறங்குங்கன்னு?"



"நான் பெட்டியத்தான் இறக்கினேன்," என்றார்.

போனை வைத்த பிறகு எனக்கு ஒரு ஆறுதல். யாரும் சொல்லாததை நேற்று நான் சொல்லிவிட்டேன், அவர்கள் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். மாலைவரை அந்த நினைப்பில்தான் கதவுக்கு மஞ்சள் பூசினேன்.

ஐந்தரைக்குப் பாலத்தடியில் வண்டியை நிறுத்தினேன். அங்கே புன்மா அத்தை சுட்ட வாழைப்பழம் விற்கிறாள். வகுப்புக்குப் போகும்போது தினமும் வாங்குவேன்.

"வா மகராணி," என்றாள். "நேத்து என்ன அவ்வளவு வேகம்? பாவம், பின்னாடி அந்தப் பசங்க மூச்சு வாங்க ஓடி வருதுங்க, திரும்பிப் பாத்தியா நீ?"

"எந்தப் பசங்க அத்தை?"

"எனக்கென்ன தெரியும்? பள்ளிக்கூடத்துச் சட்டை, ஒரே மாதிரி. ஏதோ சுற்றுலா போல. நீ பாலம் ஏறிட்ட. அதுங்க இந்த முனைலயே நின்னுடுச்சுங்க. வாங்கடா, பழம் தரேன்னேன். ஒண்ணும் அசையல. ஒரு பொண்ணு மட்டும், 'பாலம் தாண்டலாம்னு அக்கா இன்னும் சொல்லல'ங்குது. என்னடி பிள்ளைங்கள இப்பிடி மிரட்டி வெச்சிருக்க?"

பாலத்து முனையைப் பார்த்தேன். வெறும் கைப்பிடிச் சுவர். மாலை வெயில்.

"அவங்க... எப்ப போனாங்க அத்தை?"

அத்தை பழங்களைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"போனாங்கன்னு யாரு சொன்னா?"

இன்று வகுப்புக்குப் போகவில்லை. கூட்டத்தோடு கூட்டமாக வேறு பாலம் வழியாகச் சுற்றி வீட்டுக்கு வந்துவிட்டேன். அது சரியில்லை என்று தெரியும். எழுதி வைக்கிறேன்.

நாளை சனி. விடியும் முன் பாலத்துக்குப் போக வேண்டும். ஊதுபத்தி வாங்க வேண்டும், பிள்ளைகளுக்குப் படைக்கப் பால் பாக்கெட் வாங்க வேண்டும். எத்தனை பேர் என்று போனில் அவரிடம் கேட்க மறந்துவிட்டேன், அதனால் ஒரு பெட்டியாக வாங்க வேண்டும். தாண்டலாம் என்று பாலத்தில் சொல்ல வேண்டும், கோயிலில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பாலத்திலிருந்து கோயில் வரை இரண்டு திருப்பம், இரண்டிலும் சொல்ல வேண்டும். வண்டி கூடாது, நடந்தே போக வேண்டும். சின்னக் கால்கள், மெதுவாக நடக்க வேண்டும்.