தென்கடலுக்குப் போன டிவி

நான் ஒரு மடையன். பெண் பார்க்கப் போன இடத்தில், "உங்க ஊர் வழக்கம் எதுவா இருந்தாலும் எங்க வீட்டுல நடக்கும்" என்று பாம்பன்காரரான மாமனாருக்கு வாக்குக் கொடுத்தவன். என்ன வழக்கம் என்று ஒரு வார்த்தை கேட்டேனா? பஜ்ஜி நன்றாக இருந்தது, கேட்கவில்லை.

பாம்பன் ஒரு தீவு. வடகடலைப் பெண்கடல் என்பார்கள், தென்கடலை ஆண்கடல் என்பார்கள். இலங்கைக்குத் தோணி போன காலத்திலிருந்தே அந்தத் துறைமுகத்தில் ஓர் ஏற்பாடு. வாடைக்காற்று கிளம்பினால் வடகடல் கொந்தளிக்கும். படகுகளையெல்லாம் தெற்கே கொண்டுபோய்க் கட்டிவிடுவார்கள். காற்று திரும்பினால் மறுபடி வடக்கே.

இதை அப்படியே சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் காட்டுப்பாக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள் என் மனைவி. எங்கள் வீட்டில் இரண்டே அறை, வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. ஐப்பசியில் மொட்டைமாடியில் காயும் என் லுங்கி தெற்குப் பார்த்துப் படபடத்தால் தீர்ந்தது. கட்டில், பீரோ, டிவி எல்லாம் தெற்கறைக்குப் போயாக வேண்டும். தூக்கும் மாலுமி நான்.

இந்த வருஷம் லுங்கி படபடத்தது கிரிக்கெட் இறுதி ஆட்டத்தன்று. தெற்கறைக்கு வயர் இழுத்துக் கொடுக்கக் கேபிள்காரர் மறுநாள்தான் வருவார். ஆட்டம் பார்க்க வந்த குமணன்சாவடி நண்பன் பீரோவின் மறுமுனையில் மாட்டிக்கொண்டான்.

"இன்னா மச்சான், மேட்ச் பாக்க கூப்ட்டியா, ஊடு காலி பண்ண கூப்ட்டியா?"

"ரெண்டே நிமிஷம்டா."

"போன வருஷமும் இத்தான் சொன்ன. இடுப்பு இன்னும் வலிச்சுகினு கீது."

மனைவியிடம் கெஞ்சினேன். "டிவி மட்டும் நாளைக்குப் போகட்டுமே."

"வடக்கு ஜன்னல்லதான் சாரல் அடிக்கும். எங்க ஊர்ல ஒரு படகை மட்டும் விட்டுட்டு வருவாங்களா?"

"அது கடல். இது காட்டுப்பாக்கம்."

"மழை பெஞ்சதும் தெருவுல எறங்கிப் பாருங்க, வித்தியாசம் தெரியாது."

"தங்கச்சி சொல்றது கரெக்ட்டு" என்றான் பீரோவுக்குப் பின்னாலிருந்து அந்தத் துரோகி.

கடைசியில் மாமனாருக்கே போன் போட்டேன். ஆயுசு முழுக்கப் படகில் இருந்தவர்தான், ஆனால் என்னைவிடப் பெரிய கிரிக்கெட் பைத்தியம். அந்தத் தைரியத்தில், மனைவி காதிலும் விழட்டும் என்று ஸ்பீக்கரில் வேறு போட்டேன். அந்தப் பக்கம் டாஸ் போடும் சத்தம் கேட்டது. வயிறு எரிந்தது.

"மாமா, வாடை கிளம்பினா அன்னிக்கே மாத்திடணுமா? ஒருநாள் பொறுத்தா என்ன?"

"தாராளமா பொறுங்க மாப்ள, படகுதான் இருக்காது."